பாதி சர்பத்

வீட்டு வழக்கு தொடங்கியதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்தி சுகிர்தா, கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சை சர்பத்தோடு மரகதத்தின் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

“கேஸை வாபஸ் வாங்கிட்டோம்க்கா. இனிமே சண்டை வேண்டாம். குடிங்க.”

மரகதம் பள்ளியில் வேதியியல் டீச்சர். தம்ளரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

“இது என்ன?”

“சீனிதான்க்கா. சரியாக் கரையல.”

மரகதம் ஸ்பூனை எடுத்து, ஒரு துகள்கூட மிஞ்சாதபடி கலக்கினாள். சீனியோ வேறெதுவோ, முழுக்கக் கரைந்துவிட்டால் மேலே இருப்பதுதான் கீழேயும் இருக்கும். வகுப்பில் வருடாவருடம் சொல்வதுதான்.

“பாதியை நீ குடி.”

சுகிர்தாவின் முகம் சிவந்தது. “அவ்வளவு சந்தேகமா என்மேல?”

“குடி.”

அவள் மரகதத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு, மீதியை நீட்டினாள். “இப்ப தீர்ந்துச்சா?”

மரகதம் தம்ளரை வாங்கிக்கொண்டாள். அதில் விஷம் இல்லை. ஆனாலும் ஒரு வாய்கூடத் தன் தொண்டையில் இறங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

“தீர்ந்துடுச்சு” என்று சொல்லி, மீதியைத் தொட்டியில் ஊற்றினாள். தம்ளரைக் கழுவி சுகிர்தாவின் கையில் கொடுத்தாள்.