நம்பிக் கட்டிய கூடு

அக்காவும் தங்கையுமாக இரண்டு பட்டுப்புழுக்கள் ஒரே தட்டில் வளர்ந்தன. வளர்த்தவர் வேளை தவறாமல் முசுக்கொட்டை இலை போட்டார். எறும்பு அண்டாமல் காத்தார். அவரை நம்பி இரண்டும் கூடு கட்டிக்கொண்டன.

ஒருநாள் அவர் அக்காவின் கூட்டை முட்டைக்கென்று கூடையில் வைத்தார். தங்கையின் கூட்டை நூலுக்கென்று அடுப்பிலிருந்த பானையில் போட்டார்.

"அக்கா, தண்ணி சுடுதுக்கா!"

"பொறுத்துக்கோடி. உனக்குக் குளிருமேன்னுதான் செய்வார். அவருக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு தங்கை பேசவில்லை.

சில நாளில் அக்கா பூச்சியாக வெளியே வந்து முட்டையிட்டது. அடுப்பில் இன்னொரு பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க கண்ணுங்களா," என்று அது முட்டைகளிடம் சொன்னது. "நம்பினவங்களை அவர் கைவிட்டதே இல்லை. உங்க சித்திக்குத்தான் நம்பிக்கை பத்தல."