மாடியில் ஒரு மாப்பிள்ளை

"என்ன தாஜுக்கா, உங்க தங்கச்சி மாப்பிள்ளை மொட்டமாடியில கருவாடு காயப் போட்டிருக்காரா?"

மீன் கூடையை இறக்கி வைத்தபடி ஈஸ்வரி கேட்டாள்.

"ஏன் கேக்குற?"

"காக்காய்க்குக் காவல் இருக்க மாதிரி எந்நேரமும் அங்கனயே நிக்கிறாரே. நான் வரும்போதும் போனு, திரும்பிப் போகும்போதும் போனு. லீவுல வந்த மனுசன் பெத்த புள்ளையத் தூக்கி ஒருநாள் பாக்கல நான்."

தாஜுன்னிசாவுக்கு முகம் செத்துப்போனது. பேரம்கூடப் பேசாமல் ஊளி மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

ஈஸ்வரி சொன்னதில் பொய் இல்லை. எதிரே இருக்கும் தங்கச்சி வீட்டு மாடியை அவளும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தங்கச்சி ரிஸ்வானா மாசமாக இருக்கும்போது குவைத்துக்குப் போனவன் ஜாபர் சாதிக். மகள் சுஹாவுக்கு இப்போது மூணு வயது. ஒன்றரை மாச லீவில் வந்து இப்போதுதான் பிள்ளையை நேரில் பார்க்கிறான்.

வந்த அன்றைக்குத் தாஜுன்னிசாதான் சுஹாவைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மடியில் வைத்தாள்.

"வாப்பாடி. முத்தம் குடு."

பிள்ளை விறைத்துப்போய்க் கத்தியது. கத்திக் கத்திக் காய்ச்சலே வந்துவிட்டது. மறுநாள் அவனைக் கண்டதும் உம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்தது.

"நாலு நாள்ல சரியாப் போகும் தம்பி. அழுதா அழட்டும், நீங்க தூக்கிக்கிட்டே இருங்க," என்று தாஜுன்னிசா சொல்லிவிட்டு வந்தாள்.

அவன் என்னடாவென்றால், அதற்கப்புறம் பிள்ளை இருக்கும் பக்கமே போகவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டான்.

போன வாரம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனபோது எதிர் மாடியில் அவன் குரல் கேட்டது.

"சாப்பிட்டியாம்மா? என் தங்கம்ல. எங்க, சிரி பாப்போம்."

தாஜுன்னிசா கொடியில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். பெண்டாட்டியும் பிள்ளையும் கீழே இருக்கிறார்கள். இவன் யாரைச் சிரிக்கச் சொல்கிறான்? தங்கள் வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு அவளே பார்த்து முடித்த சம்பந்தம் இது.

தங்கச்சியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அவரு போன்ல யாரு இருக்கான்னு பாத்தியாடி?"

"எனக்கெதுக்கு ராத்தா அது?"

"அங்கன குவைத்துல வேற குடும்பம் கிடும்பம் இருந்தா என்னடி செய்வ?"

ரிஸ்வானா குனிந்து வெங்காயம் உரித்தாள். "சும்மா இரு ராத்தா. அவுகளை ஒண்ணும் கேக்காத. இன்னும் பத்து நாள் போகட்டும்."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வெங்காயம்.

நாளாக நாளாக அவனுக்குக் கூச்சமும் விட்டுப்போனது. மாடியில் பேசிக்கொண்டிருந்தவன் படியில் உட்கார்ந்து பேசினான். அப்புறம் கொல்லையில் அடிபம்புப் பக்கம் நின்று பேசினான். எப்போதும் அதே கொஞ்சல்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து தெரு அடங்கியதும் தாஜுன்னிசா ஒரு கிண்ணம் தொதல் இனிப்போடு கிளம்பினாள். தொதல் ஒரு சாக்கு. இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிட வேண்டும்.

கொல்லை வழியாக நுழைந்தாள். அடுப்படியில் ரிஸ்வானா நின்றாள். அடுத்த அறையில், கூடத்துக்குப் போகும் வாசலில் நீலத் திரைச்சீலை தொங்கியது. அதன் முன்னால் ஜாபர் சாதிக் தரையில் உட்கார்ந்திருந்தான். காதில் ஒயர், கையில் போன்.

"மூக்கைத் தொடு. தொட்டா வாப்பா என்ன செய்வேன்?"

வாப்பாவா? அப்படியென்றால் அங்கே பிள்ளையும் இருக்கிறதா?

"யாரு தம்பி அது?"

அவன் பதறிப்போய் வாயில் விரல் வைத்தான்.

"என்னையவே பேசாதேங்கிறீகளா?"

வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள். ஒயர் கழன்றுகொண்டது.

"வாப்பா, தும்முங்க."

குரல் போனிலிருந்து வந்தது. அதே குரல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது.

போனில் சுஹா. அதன் முதுகுக்குப் பின்னால் இந்த வீட்டுக் கூடத்து ஜன்னல்.

ரிஸ்வானா பின்னால் வந்து காதோரம் கிசுகிசுத்தாள்.

"மொத நாள் கடற்கரையிலேருந்து பேசுனாக ராத்தா. அப்புறம் மாடி, படி, கொல்லை. தெனம் நாலு எட்டு கிட்ட வாராக. அவளுக்கு வாப்பான்னா போனுக்குள்ள இருக்கவுகதான். ஒங்கிட்டச் சொல்லியிருந்தா, இங்கன இருக்காக பாருன்னு மறுபடியும் தூக்கி மடியில வச்சிருப்ப."

தாஜுன்னிசா கையில் இருந்த போனில் சுஹா முகத்தைச் சுளித்தது.

"பெரியம்மாவா? வாப்பா எங்க?"

கெடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. பதினெட்டு நாளாகக் கட்டியதை ஒரே பிடுங்கில் கெடுத்தாகிவிட்டது.

திரைச்சீலையின் அடியில் ஒரு சின்னக் கை தெரிந்தது. துணி விலகியது.

சுஹா நின்றது. இரண்டு முழத்தில் அவன்.

அவன் கையை நீட்டவில்லை. வா என்று சொல்லவில்லை. இருந்த இடத்தில் அப்படியே இருந்தான். நெற்றியில் மட்டும் வேர்வை துளிர்த்தது.

பிள்ளை தன் கையில் இருந்த உம்மாவின் போனைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. மறுபடியும் போனைப் பார்த்தது. மெதுவாக ஒரு விரலை நீட்டி அவன் மூக்கைத் தொட்டது.

அவன் தும்மினான்.

சுஹா போனைக் கீழே வைத்தது. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு திரும்பி உம்மாவைப் பார்த்துச் சொன்னது:

"உம்மா, வாப்பா வெளிய வந்துட்டாக."