மூன்று மடிப்பு

எரிந்துபோன பட்டறைக்குள் எந்தக் கார் எங்கே நின்றது என்று தீயணைப்பு அதிகாரி கேட்டபோது, அவன் தரையைக் காட்டினான்.

சிவப்பு நின்ற இடத்தில் அலுமினியம் உருகி ஓடி, கொட்டிய பால் போல் பரவி உறைந்திருந்தது. பச்சை நின்ற இடத்தில் இன்ஜின் மட்டும் குந்தியிருந்தது. வெள்ளை இருந்ததற்கு இரண்டு கம்பிச் சுருள்தான் சாட்சி.

சிவப்பு பழங்காலத்துக் கார்; அந்த மாடலில் உலகத்துக்கே பதினோரு கார்தான் செய்தார்கள். இனி பத்து.

அழுகை வரவில்லை. சுவரில் ஒரு ஸ்பேனர் தன் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றுதான் அதை அங்கே மாட்டினான். வேறு எதுவும் தோன்றவில்லை.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அக்கா ஈரத் துண்டோடு வந்தாள்.

"முகத்தையாவது தொடைடா. கரி அப்பிக் கெடக்கு."

துடைத்து, வாசலில் கிடந்த நாற்காலியில் எறிந்தான். அவள் அதை எடுத்து மூன்றாக மடித்து, நுனியை உள்ளே செருகி, மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் விரிப்பு மடித்த கை. மனசு எங்கோ இருந்தாலும் கை அதன் பாட்டுக்கு மடிக்கும். ஓய்வு பெற்று தம்பி வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். வந்த நாளிலிருந்து எதையாவது ஒழுங்குபடுத்திக்கொண்டேதான் இருந்தாள்.

சிவப்புக் காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். வாசல் ஓரமாக, காரின் இன்னொரு சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்தக் காரைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

"கரண்ட்டாத்தான் இருக்கும் மேஸ்திரி," என்றார். "உங்க கையில அப்படியெல்லாம் நடக்காது. மத்த ரெண்டு கார்க்காரங்களுக்கும் அதைத்தான் சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான்.

அதிகாரியின் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது. மின்கசிவு என்று அதில் விழுந்தால், தலையெழுத்து என்று மூன்று பேரும் விட்டுவிடுவார்கள். கவனக்குறைவு என்று விழுந்தால், இனி ஒருவரும் அவனை நம்பிச் சாவி தர மாட்டார்கள். ஐம்பத்தாறு வயதில், பழைய கார்களைப் புதுப்பிப்பதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

அதிகாரி மின்பெட்டியைப் பார்த்தார். வயர்களைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு, வேலை மேசைக்கு அடியில் இருந்த இரும்பு இழுப்பறையைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்.

உள்ளே துணி அடுக்கு. மேலே இருந்தவை பொடியாகிவிட்டன. அடியில் இருந்தவை கரியாகி, உருவம் மாறாமல் கிடந்தன.

முகர்ந்து பார்த்தார். "ஆளிவிதை எண்ணெயா?"

"ஆமா. சிவப்போட ஸ்டியரிங் மரத்துல செஞ்சது. அதுக்குத் தேய்ச்சேன்."

"இந்தத் துணியை விரிச்சுக் காயப்போட்டா ஒண்ணும் ஆகாது. மடிச்சு அடுக்கினா உள்ளுக்குள்ளயே சூடு ஏறிக்கிட்டே போகும். தீக்குச்சியே வேண்டாம், தானாப் பத்திக்கும். இத்தனை வருஷத் தொழில், தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அதற்காகத்தான் பட்டறைக்குள் ஒரு கம்பி கட்டி, எண்ணெய்த் துணிகளை ஒன்றோடு ஒன்று படாமல் விரித்துப் போடுவான். நேற்று சாயங்காலமும் போட்டான்.

வந்த புதிதில் அக்கா அந்தக் கம்பியைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "என்னடா இது? கோடீஸ்வரன் காருக்கு மேல கந்தல் தோரணம் கட்டி வெச்சிருக்க?" அவன் சிரித்துவிட்டு, அது அப்படித்தான் இருக்கணும்க்கா என்றான். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

நேற்று, நீ போய்க் குளி, நான் பூட்டிட்டு வரேன் என்று பட்டறைச் சாவியை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

அதிகாரி கையுறை விரல்களால் ஒரு துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கருகியும் மடிப்பு குலையவில்லை. மூன்று மடிப்பு. நுனி உள்ளே செருகியிருந்தது.

"இதை மடிச்சது யாரு?"

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"நான்தான்," என்றான், திரும்பாமல். "குளிக்கப் போற அவசரம். மடிச்சு உள்ள வெச்சுட்டேன்."

அதிகாரி துணியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "அவசரத்துக்கு ரொம்ப நேர்த்தியா மடிச்சிருக்கீங்க," என்றார். காலியாக இருந்த கட்டத்தில் பேனா நகர்ந்தது.

பல் டாக்டர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வரேன் என்றார். மேஸ்திரி என்று சொல்லவில்லை.

அவன் கையெழுத்துப் போட்டான். எண்ணெய் வாசனை இன்னும் நகக்கண்ணில் இருந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பினான்.

நாற்காலி காலியாக இருந்தது.

அக்கா மதில் சுவரோரம், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கையில் அந்த ஈரத் துண்டு. செருகியிருந்த நுனியை மெல்ல வெளியே எடுத்தாள். ஒரு மடிப்பைப் பிரித்தாள். அடுத்ததையும் பிரித்தாள்.

பிறகு அதைச் சுவர்மேல் விரித்துப் போட்டு, எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.