இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. ஒரு ஃபோன் கதை சொல்கிறேன்; கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"வணக்கம், தேர்தல் கருத்துக் கணிப்புக்காகப் பேசுகிறோம். இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்" என்று கால் சென்டரில் உட்கார்ந்து கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள் ஒருத்தி. அந்தப் பக்கத்திலிருந்து "சொல்லுங்க" என்றது அவளுடைய சொந்த மாமியார்.

நம்பரை மெஷின்தான் போடும். யார் எடுப்பார்கள் என்று பேசுகிறவளுக்குத் தெரியாது. ஊரில் அத்தனை ஃபோன் கிடக்க, அது போய் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டித் தொலைத்தது.

வைத்துவிடலாமென்றால் வழியில்லை. ஆள் பேசத் தயாராக இருக்கும்போது லைனைத் துண்டித்தால் வேலை போய்விடும். திரை ஓரத்தில் சிவப்புப் புள்ளி வேறு எரிந்தது. சூப்பர்வைசர் அவள் லைனில் காதை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். தெரிந்தவங்க சார் என்று சொன்னால், உங்களுக்கு மட்டும் ஊரே சொந்தமா என்று கேட்கிற மனுஷர் அவர்.

வீட்டில் தெரிந்தாலோ, அது இதைவிடக் கேடு. வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் புகார் எழுதிக்கொள்ளும் வேலை என்று சொல்லித்தான் அவள் தினம் படியிறங்கினாள். மாமனாருக்குக் கருத்துக் கணிப்பு என்றாலே ஆகாது. பெரியவரைக் கவிழ்க்கக் கூலிக்கு மாரடிக்கிற கூட்டம் என்பார். பெரியவர் என்றால் நாட்டை ஆளுகிற தலைவர். அந்த வீட்டுக் கூடத்தில் மாமனாரின் அப்பா படத்தைவிட அவர் படம்தான் பெரிது. விஷயம் வெளியே வந்தால், மறுநாளிலிருந்து அவளுக்கு அந்த நாலு சுவர்தான்.

அதனால் தொண்டைக்குள்ளேயே குரலை அமுக்கி, மூக்கால் பேசினாள். நல்ல காலம், ஃபோனில் சொல்லிக்கொள்ளக் கம்பெனியே ஒரு பொய்ப்பெயர் கொடுத்திருந்தது.

பின்னால் அவர்கள் வீட்டு ஃபேன் கிறீச்சிடுவது ஹெட்ஃபோனில் கேட்டது. யார் என்று மாமனார் கேட்டதும் கேட்டது. கருத்துக் கணிப்பாம் என்று அத்தை சொல்ல, நாற்காலி நகர்ந்தது.

"இங்க குடு, நான் பேசறேன். இவளுங்கள நாலு வார்த்தை கேக்கணும்."

அவரோடு பத்து வார்த்தை பேசினால் போதும், குட்டு உடைந்துவிடும்.

"உங்ககிட்ட இல்லீங்க," என்றாள் அத்தை. "பொம்பளைங்ககிட்ட மட்டும்தான் கேப்பாங்களாம்."

அப்படி ஒரு வார்த்தை இவள் சொல்லவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் அத்தையிடம் கருத்துக் கேட்கிறார், விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

நாளைக்கே தேர்தல் வைத்தால் உங்கள் ஓட்டு பெரியவர் கட்சிக்கா, எதிரே நிற்கிற டீச்சரம்மா கட்சிக்கா என்று திரையில் இருந்ததை வாசித்தாள். மாமனாரின் மூச்சு மட்டும் ஃபோனுக்குப் பக்கத்தில் கேட்டது.

"பெரியவருக்குன்னு சொல்லு. நல்லா உரக்கச் சொல்லு."

"பெரியவருக்கு," என்றாள் அத்தை.

இவள் பட்டனை அழுத்தினாள். யாருக்கு ஓட்டுப் போடுவதென்று நீங்களே முடிவு செய்கிறீர்களா, வீட்டில் வேறு யாராவது சொல்கிறார்களா என்பது அடுத்த கேள்வி.

"நானேதான்னு சொல்லு," என்றார் மாமனார்.

"நானேதான்," என்றாள் அத்தை.

பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்று குறிக்க அந்தத் திரையில் பட்டன் கிடையாது. சிவப்புப் புள்ளியும் அணையவில்லை. 'நானே' என்பதை அழுத்தி, நன்றி சொல்லி முடித்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். கூடத்தில் மாமனார் மகனிடம் அளந்துகொண்டிருந்தார். எவளோ ஒருத்தி ஜலதோஷக் குரலில் கூப்பிட்டாளாம், இவர் போட்ட போடில் பெரியவருக்கு ஒரு ஓட்டு ஏறிவிட்டதாம். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் புருஷன் சிரித்தான்.

"உன்ன மாதிரி கௌரவமா ஒரு வேலைக்குப் போகாம, இதெல்லாம் ஒரு பொழப்பா, சொல்லும்மா," என்று அவளையும் சாட்சிக்கு இழுத்தார்.

"ஆமாம் மாமா," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதி பாதி. நாளைக்கும் இதே பொய்யைச் சுமக்க வேண்டும் என்ற பாரம் பாதி.

அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் வந்து நின்றதும் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து அடித்த அடியில் கூடத்துப் பேச்சு காதில் விழவில்லை. இந்தப் பேச்சும் கூடத்துக்குப் போகாது. தேய்க்கிற பாத்திரத்தைப் பார்த்தபடியே அத்தை மெல்லக் கேட்டாள்.

"டீச்சரம்மாவுக்குன்னு மாத்திப் போட்டுட்டல்ல, கண்ணு?"

உங்கள் வீட்டில், என் செல்லங்களே, குழாயைத் திறந்துவிடாமலே எல்லாரும் மனசில் உள்ளதைப் பேசிக்கொள்ளட்டும், நன்றாக இருங்கள்.