ஃபிரிட்ஜ் குளிரவில்லை

சாசேஜ் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்த லோர்னா முகத்தைச் சுளித்தாள்.

"இதோட மூணு நாளாச்சு. கறியும் போச்சு, பாலும் போச்சு. இந்த ஃபிரிட்ஜை நம்பி எப்படிங்க நல்லர்போர் பொட்டல்வெளி வெயிலைத் தாண்டுறது?"

வீட்டு வண்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டு, கசிவு இருக்கிறதா என்று கேஸ் குழாயில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்த மெர்வ் "ம்" என்றார். நாற்பது வருஷம் ஆட்டுப் பண்ணையில் எல்லாப் பழுதையும் தானே பார்த்தவர்.

வீட்டு வண்டிகள் நிற்கும் அந்த முகாமில், நாலு மணி ஆனால் பியர் டப்பாவும் நாற்காலியுமாக வந்து உட்காருகிறவர்களுக்கு இது திருவிழா.

"கழட்டி ஒரு நாள் தலைகீழா நிறுத்திப் பாருப்பா," என்றார் பக்கத்து வண்டி பாரி.

"முதல்ல உன்னை நிறுத்திப் பாக்குறேன்!" என்றார் மெர்வ்.

அவர்கள் தங்கியிருந்த செடூனா ஊரில் கேஸ் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவர்களுடைய மகன் டேரன். பண்ணை வேண்டாம் என்று அவன் கிளம்பி ஏழு வருஷம் ஆகிறது. அப்பாவும் மகனும் அதற்குப் பிறகு பேசவில்லை. இந்த ஊரில் ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஓடிவிடுவதாகத்தான் மெர்வ் திட்டம் போட்டிருந்தார்.

அதனால்தான் லோர்னா கைவரிசையைக் காட்டினாள். வண்டி சமமாக நின்றால்தான் கேஸ் ஃபிரிட்ஜ் குளிரும். போய் இறங்கும் இடத்திலெல்லாம் மெர்வ் முதல் வேலையாக ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, வண்டியை இரண்டடி நகர்த்திக் கட்டையை உருவி, நாற்காலிப் பைக்குள் ஒளித்துவிட்டாள்.

அன்றிலிருந்து மெர்வின் பார்வை சக்கரத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள். சாய்ந்த மேசைமேல் முட்டை தானாக உருண்டபோது மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தாள். மெர்வ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கையை நீட்டி அதைப் பிடித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"வேற வழியில்லை. கூப்பிடு அவனை," என்றார் கடைசியில், வேண்டாவெறுப்பாக.

டேரன் வந்தான். "எப்படி இருக்கீங்கப்பா?"

"ஃபிரிட்ஜைப் பாரு."

அவன் வண்டியின் உள்தரையில் ரசமட்டத்தை வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடியது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அவள் கெஞ்சும் கண்களோடு, சொல்லாதே என்று தலையை அசைத்தாள். ரசமட்டம் சத்தமில்லாமல் அவன் சட்டைப்பைக்குள் போனது.

"பர்னரைக் கழட்டித் துடைக்கணும்பா. நேரமாகும். கொஞ்சம் டார்ச்சைப் பிடிக்கிறீங்களா?"

மெர்வ் டார்ச்சைப் பிடித்தார். முதலில் பர்னரைப் பற்றிப் பேசினார்கள், அப்புறம் பெய்யாத மழையைப் பற்றி, அப்புறம் அவர் இன்னும் பார்க்காத பேத்திக்கு முளைத்த பல்லைப் பற்றி. லோர்னா தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே நின்று அழுதாள்.

"முழுசாச் சரியாகலை. நாளைக்கும் வந்து பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு டேரன் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் லோர்னாவுக்குப் பயம் வந்துவிட்டது. குட்டு வெளிப்பட்டால் கூடி வந்ததும் கெட்டுப்போகும். பையிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கம் நழுவினாள்.

அங்கே மெர்வ் நின்றுகொண்டிருந்தார். கட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அது பையிலயே கிடக்கட்டும் லோர்னா. நாளைக்கும் அவன் வரணும்ல?"