வைக்கோல் கொட்டகை அத்தியாயம்

“ஆமா, நான்தான் கிழிச்சேன். இப்ப என்னங்கறே?”

வெல்மா ஸ்ட்ரவுட் இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வாள் என்று நூலகர் கிளெண்டா எதிர்பார்க்கவே இல்லை. புத்தகக் கூட்டத்துக்கு வந்திருந்த பெண்கள் காபிக் கோப்பையோடு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

கிழிபட்டது ஹாஸ்கெல் பண்ணைக் குடும்பக் கதையின் ஆறாவது பாகம். அதுதான் கடைசிப் பாகமும். மூன்று தலைமுறை, ஆயிரம் மாடு, பாகத்துக்கு இரண்டு கல்யாணம். வயோமிங்கின் இந்த மூலையில் குளிர்காலத்தை ஓட்ட அதை விட்டால் வேறென்ன இருக்கிறது?

நூலகத்தில் இருப்பதோ ஒரே பிரதி. முறை வைத்துத்தான் படிப்பார்கள். மூத்தவள் என்பதால் முதல் முறை எப்போதும் வெல்மாவுக்கு. அடுத்தது நடீன். நடீன் படித்துவிட்டுத் திருப்பித் தந்தபோதுதான் கடைசி அத்தியாயமே இல்லை என்று தெரிந்தது.

வெல்மாவின் குணம் ஊருக்கே தெரியும். மூன்றாம் பாகத்து அட்டையில் வெற்று மார்போடு நின்ற மாட்டுக்காரனுக்குப் பேனாவால் சட்டை வரைந்து, பொத்தானும் போட்டுவிட்ட மகராசி. கெட்ட வார்த்தை எங்கே வந்தாலும் பென்சிலால் அடித்துவிடுவாள். அதையெல்லாம் கிளெண்டா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். இது அளவுக்கு மீறிப் போய்விட்டது.

“எதுக்குக் கிழிச்சீங்க?”

“அசிங்கம். வைக்கோல் கொட்டகையில அவனும் அவளும்... சீ, அதை என் வாயால வேற சொல்லணுமா?”

“உங்களுக்குப் பிடிக்கலைன்னா மத்தவங்க யாரும் படிக்கக் கூடாதா?”

“கூடாது.”

“யாரு வெல்மா கொட்டகையில? ஹாஸ்கெல் வீட்டுப் பெரியவனா?” என்று ஒருத்தி ஆவலாகக் கேட்டாள்.

“அவனா? மூணு பாகமா அந்த டீச்சரம்மாவை இழுத்தடிச்சானே கடன்காரன், அவனுக்கு ஏது அவ்வளவு துணிச்சல்!” என்றாள் இன்னொருத்தி.

நடீன் சிரித்துவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போன பிப்ரவரியில் மகன் ட்ராயைப் பறிகொடுத்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வீட்டை விட்டு அவள் வெளியே வருவதே இந்தக் கூட்டத்துக்குத்தான்.

“எனக்கென்னவோ இப்படியே பிடிச்சிருக்கு,” என்றாள் நடீன். “கடைக்குட்டி ஜெஸ்ஸி காலையில குதிரை ஏறி கேட்டைத் தாண்டிப் போறான். அதோட பக்கம் இல்ல. அவன் ஆரிகன் பக்கம் போய், ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு நல்லா இருக்கான்னு நானே முடிச்சுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம்கூட வந்துச்சு. இருந்தாலும் வெல்மா, அந்தக் கொட்டகையில யாருன்னு மட்டும் சொல்லிடுங்களேன்!”

“போடி, வெக்கங்கெட்டவளே!” என்றாள் வெல்மா. முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

கிளெண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒரு வருஷத்துக்கு உங்களுக்குப் புத்தகம் கிடையாது. உங்க நூலக அட்டையைக் கொடுங்க.”

பெண்களுக்கு வெல்மாமேல் இரக்கம் வந்துவிட்டது. புருஷன் போனபின் தனியாக இருக்கிற மனுஷி. புத்தகம் இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது ஏது? வெல்மா கைப்பையைத் துழாவி அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் கிளெண்டா. வேற பிரதி வரவழைக்காதே. இருக்கறதே போதும்.”

“அதை நீங்க சொல்லாதீங்க. பக்கத்து ஊர் நூலகத்துலேருந்து அடுத்த வாரமே வருது. வந்ததும் முதல்ல நடீனுக்குத்தான்.”

வெல்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நடீனைப் பார்த்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சரியான பாடம் என்று கிளெண்டா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் புத்தகம் வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்ற அரிப்பு யாரை விட்டது? கிளெண்டா நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள்.

கொட்டகையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒரு முத்தம்கூட இல்லை. கடைக்குட்டி ஜெஸ்ஸி, மாடுகள் தண்ணீர் குடிக்க வேண்டுமே என்று உறைந்த குளத்துப் பனிக்கட்டியை உடைக்கப் போகிறான். காலடியில் பனிக்கட்டி பிளந்து தண்ணீருக்குள் போய்விடுகிறான். குதிரை மட்டும் தனியாக வீடு திரும்புகிறது. அதற்குப் பிறகு, பக்கம் பக்கமாக, அவன் அம்மா அழுகிறாள்.

நடீனின் மகன் ட்ராய் போனதும் இதே மாதிரிதான். அதே குளத்துப் பனி, மாட்டுக்குத் தண்ணீர். கிளெண்டா அந்தப் பக்கங்களை இன்னொரு தடவை படித்தாள். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். எப்பேர்ப்பட்ட காரியம் செய்யவிருந்தோம்! இதை நடீன் கையில் கொடுத்திருந்தால்?

வாசலில் யாரோ பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம். நடீன்தான்.

“வந்துடுச்சா கிளெண்டா? கொட்டகையில யாரு? சொல்லு, சொல்லு!”

கிளெண்டா புத்தகத்தை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள்.

“வந்த வேகத்துல திருப்பி அனுப்பறேன். அய்யய்யோ, என்ன அசிங்கம்! அதையெல்லாம் நீ படிக்கவே வேண்டாம்.”

“அட, நீயுமா!” நடீன் வாய்விட்டுச் சிரித்தாள்.

கிளெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் கிடந்த வெல்மாவின் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“போற வழியில இதை வெல்மாகிட்ட கொடுத்துடு. அந்த வைக்கோல் கொட்டகையை நானும் படிச்சுட்டேன்னு சொல்லு.”