மணியடிக்காத வெற்றி

"நம்ம தொகுதி. இனிகோ பர்னாந்து வெற்றி" என்று சத்தமாக வாசித்துவிட்டு, மரியசெல்வி பேப்பரைச் சட்டென்று மடித்தாள்.

பேப்பரில் அப்படி எங்கே இருந்தது? எதிர்த்து நின்ற பாஷ்யம் வாத்தியார் பேர்தான் அச்சாகியிருந்தது. அவளுடைய அப்பா இனிகோ தோற்றுப்போனார், அதுவும் நல்லாவே தோற்றார். கட்டிலில் கிடக்கிற மனுசனுக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து மங்கல்தான் என்கிற தைரியத்தில் மாற்றி வாசித்துவிட்டாள்.

பாவம், அவளும் என்னதான் செய்வாள்? கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். ஊரைக் கடல் அரித்து வருசா வருசம் வீடுகள் விழுந்துகொண்டிருந்தன. கல்லுச்சுவர் கேட்டு மனுக் கொடுத்து அலுத்து, 'சட்டசபைக்கே போய்க் கேக்கேன்' என்று எழுபத்தேழு தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

பிரச்சாரத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பாளையங்கோட்டை டாக்டர் செல்வியைத் தனியே கூப்பிட்டு, குடலெல்லாம் புற்று பரவிவிட்டது, அதிக நாள் தாங்காது என்றார். அவரிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தாள். ஓட்டுச்சீட்டில் பேர் ஏறியாகிவிட்டது, விலகவும் வழியில்லை.

சாகப்போகிறவருக்குத் தோற்ற சேதி வேறு எதற்கு? ஜெயித்த சந்தோசத்தோடு போய்ச் சேரட்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அவள் புருசன் சிலுவை, கையில் மாலையும் கூடக் கூட்டாளிகளுமாக வந்தான். வாசலில் வெடி போட்டார்கள். "எங்க எம்.எல்.ஏ. மாமா" என்று மாலையைப் போட்டவன், அழுதுவிடுவோமோ என்று பயந்து அடுக்களைக்குள் போய்விட்டான்.

"மணி அடிக்கலியே" என்றார் இனிகோ.

அந்த ஊரில் நல்லது எது நடந்தாலும், காணாமல்போன தோணி கரைசேர்ந்தால்கூட, மாதா கோயில் மணி அடித்தாக வேண்டும். உபதேசியாரிடம் சொல்லி அடிக்கச் சொல்லட்டுமா என்று சிலுவை காலையிலேயே கேட்டான். "அப்பாகிட்ட பொய் சொல்லலாம். மாதாகிட்ட எப்படிச் சொல்ல?" என்று செல்விதான் தடுத்துவிட்டாள்.

"சாமியார் ஊர்ல இல்லப்பா. வந்ததும் அடிப்பாக."

"சரி. சுத்துவட்டாரத்துல யாரு யாரு வந்திருக்கான்னு வாசி."

சாத்தான்குளம், ஓட்டப்பிடாரம் என்று ஆரம்பித்து, ஜெயித்தவர்கள் பேரையெல்லாம் வாசித்தாள். இனிகோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்சி யாருக்கு, எந்தக் கட்சிக்கு எத்தனை என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை.

"ஒரு எடமும் காலியில்லையே?"

"இல்லப்பா. எல்லாத்துக்கும் ஆள் வந்தாச்சு."

"நல்லது" என்றார்.

கஞ்சி எடுக்க அடுக்களைக்குப் போனாள். சிலுவை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"கடலில்லாத உள்நாட்டு ஊர்க்காரன் ஓட்டுப் போடலன்னா போறான். நம்ம ஊர்ப் பெட்டியக் கொட்டி எண்ணும்போது நான் கூடவே நின்னேன்ளா. அம்புட்டும் மாமாவுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு பாஷ்யத்துக்கு."

"யாரு?"

"யாரக் கண்டேன்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டுப் போட்ட அன்றைக்கு அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. போட்டே தீருவேன் என்று அடம்பிடித்தவரைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள், வழியெல்லாம் சனம் நின்று அழுதது. அதைப் பார்த்த கண்ணோடு போய் ஒருத்தன் மாற்றிக் குத்தியிருக்கிறான் என்றால், அவனெல்லாம் என்ன மனுசன்?

கஞ்சியோடு வந்தபோது அப்பா மாலையைக் கழற்றி வைத்திருந்தார்.

"ஏளா, பாஷ்யம் வாத்தியார் வந்தாருன்னா உள்ள கூப்பிட்டு உக்காரச் சொல்லு. வாடைக்காத்துக்கு முன்ன சொவரு கட்டித் தாரேன்னு எங்கிட்ட வாக்குக் குடுத்திருக்காரு. சொன்னாச் செய்வாரு."

"அவரு எதுக்குப்பா? நீங்கதான..."

"வாசிக்கும்போதே ஒனக்குத் தொண்டை நடுங்கிட்டு மக்கா. வயித்துப்புண்ணுன்னு சொன்ன அன்னைக்கும் இப்படித்தான் நடுங்குச்சு."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளாக முகம் காட்டாமல் அடக்கிவைத்த அழுகை அது. அழுது ஓய்ந்ததும் கோபம்தான் மிஞ்சியது.

"நம்ம ஊர்ப் பெட்டியிலயே ஒரு ஓட்டு பாஷ்யத்துக்கு விழுந்திருக்காம்ப்பா. கட்டிலோட ஒங்களத் தூக்கிட்டுப் போனதப் பாத்தும் மனசு எரங்கலியே. அந்தக் கை வெளங்காமப் போவும்."

இனிகோ அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஜெயிச்சிட்டுச் செத்தா அந்த நாற்காலி காலியாத்தான் கெடக்கும். இடைத்தேர்தல் வாரதுக்குள்ள வாடை வந்து நம்ம தெருவ அள்ளிட்டுப் போயிரும். ஊர்க்காரங்க அம்புட்டு ஆசையா நின்னாங்க, அவங்ககிட்ட இதச் சொல்ல எனக்கு வாய் வரல."

மூச்சு வாங்கியது. கையை நீட்டி மகளின் கன்னத்தைத் துடைத்தார்.

"வையாதளா. அது இந்தக் கைதான்."